வெள்ளிக்கு அடியில் மெரூன்

செப்டம்பர் 8, ஞாயிறு

வண்டி வந்துட்டு. என் பேருல, என் கையெழுத்துல. தங்கபுஷ்பம், லேடீஸ் டெய்லர், நாப்பத்தொன்பது வயசு, கார் ஓனர். எழுதிப் பாக்கவே சிரிப்பா இருக்கு.

இந்த டைரி ஜவுளிக்கடையில சும்மா குடுத்தது. ஜாக்கெட் அளவு எழுத வச்சிருந்தேன். இனிமே இது வண்டி டைரி. என்னைக்கு எங்க போனேன், எத்தனை கிலோமீட்டர்னு எழுதி வைக்கணும்னு டிரைவிங் ஸ்கூல்ல சொல்லிக் குடுத்த பிள்ளை சொல்லியிருக்கா.

இவுக வண்டியச் சுத்தி ரெண்டு சுத்து வந்தாக. இவுகன்னா என் வீட்டுக்காரர் சுப்புராஜ். மில்லுல டைம் ஆபீஸ் கிளார்க். சைக்கிளத் தவிர ஒண்ணும் ஓட்டத் தெரியாது, ஆனா வாய் மட்டும் லாரி ஓட்டும். "என்ன புஷ்பம், வண்டிக்கு அம்மை போட்டிருக்கா? வேப்பிலை கட்டித் தொங்க விடவா?"ன்னு கேட்டாக. பக்கத்து வீட்டுக்காரங்க முன்னாடி. எனக்கு வந்துச்சே கோவம்!

உண்மையச் சொன்னா பெயிண்ட் மோசம்தான். பதினோரு வருஷத்து வண்டி, வெள்ளி நிறம். பானெட் பூரா வெயில்ல முதுகுத் தோல் உரிஞ்ச மாதிரி உரிஞ்சு கிடக்கு. விரல் வச்சா பொரிஞ்சு வருது. ஆனா இன்ஜின் பூ மாதிரி இருக்கு. ஓடுறதுக்குத்தானே வண்டி? சாயம் போன சேலையக் கட்டிக்கிட்டு ஊரே நடமாடுது, யாரும் யாரையும் கேக்கல.

செப்டம்பர் 9, திங்கள்

பஜார் போய் வந்தேன். ஆறு கிலோமீட்டர். யாரையும் இடிக்கல.

செப்டம்பர் 15, ஞாயிறு

இவுக தொல்லை தாங்காம பெயிண்டர் ஜெயபால் அண்ணன் ஷெட்டுக்குப் போனோம். நல்ல மனுசன். பேச்சு கம்மி. அவரு பொஞ்சாதிக்கு நான்தான் தைக்கேன், அதனால என்னை டெய்லரம்மான்னுதான் கூப்பிடுவாரு. பானெட்டுல உரிஞ்ச இடத்தை நகத்தால கிளப்பி, ஒரு சில்ல எடுத்துத் திருப்பிக் காட்டினாரு. மேல வெள்ளி, அடியில மெரூன்.

"டெய்லரம்மா, இந்த பானெட் இந்த வண்டியோடது இல்ல. எங்கயோ பழைய சாமான் கடையில மெரூன் வண்டி பானெட்ட வாங்கிப் போட்டு, மேல வெள்ளிய அடிச்சிருக்கான். அடியில சரியாத் தேய்க்கல. அதான் ஒட்டாம சில்லு சில்லா வருது."

"அங்க மட்டும் தொட்டு அடிச்சிரலாமா?"

"ஒட்டுத்துணி போட்ட மாதிரி தனியாத் தெரியும். அடிச்சா முழுசா அடிக்கணும். தகடு தெரியத் தேய்ச்சு, பள்ளத்துக்குப் பட்டி பாத்து, பிரைமர் போட்டு, அப்புறம் கலரு. பத்து நாள் வண்டி இங்கதான் நிக்கும். இல்லன்னா இப்படியே ஓட்டுங்க, வண்டிக்கு ஒண்ணும் ஆகாது. பாக்கத்தான் நல்லாருக்காது."

பத்து நாளா! ஓட்டக் கத்துக்கிட்டதே இப்பத்தான். வேண்டாம்னு சொல்லிட்டேன். இவுகளுக்கு மூஞ்சி தொங்கிப் போச்சு. போகட்டும்.

அக்டோபர் 10, வியாழன்

வண்டி டைரின்னு ஆரம்பிச்சு மூணு வாரமா ஒண்ணும் எழுதல. தீபாவளி ஜாக்கெட் குவிஞ்சு கிடக்கு. இன்னைக்கு மட்டும் பதினாலு வெட்டினேன். கடைசியா வெட்டினது சீனியம்மாவோடது, கருநீலம். ஊக்கு முன்னாடி, கழுத்து இறக்கம் வேண்டாம்னு சொல்லியிருக்கா. நாளைக்கு பூஜை, மிஷினுக்கு லீவு.

அக்டோபர் 11, வெள்ளி, ஆயுத பூஜை. மத்தியானம்

மூணு மிஷினுக்கும் கத்திரிக்கோலுக்கும் பொட்டு வச்சாச்சு. இந்த வருஷம் காருக்கும். அம்மாடி, எனக்கு ஒரே பெருமை. காலையில நானே ஓட்டிக்கிட்டுப் போய் மார்க்கெட் முக்குல கொம்பையாகிட்ட பூசணிக்காய் வாங்கினேன். கொம்பையா சீனியம்மாவோட வீட்டுக்காரர். சீசனுக்குச் சீசன் என்ன கிடைக்குதோ அதை சைக்கிள்ல கட்டி விக்கிற ஆளு. வெள்ளரிக்காய் நாள்ல வெள்ளரிக்காய், பூஜை நாள்ல பூசணியும் பொரியும்.

வண்டியப் பாத்ததும் கெக்கெக்கேன்னு சிரிக்காரு. "என்னக்கா, வண்டிக்குத் தேமல் விழுந்திருக்கு?"

"உன் சைக்கிளப் பாருய்யா முதல்ல. துரு எது சைக்கிள் எதுன்னே தெரியல."

"கோவிக்காதீங்கக்கா. நல்லதுதான். ஊர்ல எத்தனை வெள்ளி வண்டி ஓடுது, இனி எங்க பாத்தாலும் இது எங்க டெய்லரக்கா வண்டின்னு கண்டுபிடிச்சிருவேன்ல்லா?" அப்படின்னுட்டு நல்ல காயாத் தட்டிப் பாத்து எடுத்துக் குடுத்தாரு. "எங்க வீட்டுக்காரி ஜாக்கெட்ட மட்டும் தீபாவளிக்கு முன்ன குடுத்துருங்கக்கா. இல்லன்னா என்னைய உண்டு இல்லைன்னு ஆக்கிருவா."

வீட்டுல வந்து பூசணிய மேல துளை போட்டு, உள்ள குங்குமத்தக் கொட்டி, சூடம் கொளுத்தி, காரச் சுத்தி இவுகதான் நடுரோட்டுல உடைச்சாக. வெள்ளைச் சதையில குங்குமம் கலந்து தெரு பூரா செக்கச்செவேல்னு கிடக்கு. பைக்குல போறவன் வழுக்கி விழுவான், ஓரமா உடைங்கன்னு சொன்னேன். பூஜை நாள்ல அபசகுனமாப் பேசாதேன்னாக. நாலு எலுமிச்சம்பழத்த டயருக்கு அடியில வச்சு ஏத்தினேன். நாலும் நசுங்கிச்சு.

சாயங்காலம் பசுவந்தனை ரோட்டுல மதினி வீட்டுக்குப் போறோம். மதினிக்கு என் காரக் காட்டணும்.

அக்டோபர் 11, சாயங்காலம் ஏழரை

முப்பத்திநாலு கிலோமீட்டர். வரும்போது மழை. வைப்பர் சரியாத் துடைக்கல. ரோடெல்லாம் உடைச்ச பூசணிக்காய், ஒண்ணு மேல ஏறிட்டு. இவுக பாட்டு சத்தமா வச்சிருந்தாக. யாரோ யாரையோ கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு. பண்டிகை நாள்ல யாராவது யாரையாவது கூப்பிட்டுக்கிட்டேதான் இருப்பாங்க.

மதினிக்கு வண்டி ரொம்பப் பிடிச்சிருக்கு.

அக்டோபர் 12, சனி

வண்டி கழுவினேன். இடது பக்க முன் கிரில்லுல பூசணி விதை. ஹெட்லைட்டு இடுக்குல சதை. பானெட் ஓரம் லேசா நசுங்கி ஒடுக்கு விழுந்திருக்கு, மூணு விரல் அகலத்துக்குப் பெயிண்ட் தகடு தெரியப் பேந்து போயிருக்கு. இது ஏற்கெனவே உரிஞ்ச வண்டிதானே, பழசா புதுசான்னு யாரு கண்டா.

பம்பர்ல சிவப்பு இருந்துச்சு. குங்குமம்தான். பொட்டு நானே வச்சது, மழையில கரைஞ்சு வடிஞ்சிருக்கும்.

இவுக பக்கெட்ல தண்ணி மோந்து மோந்து குடுத்தாக. கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்துல நான் ஒண்ணைக் கழுவும்போது இவுக தண்ணி எடுத்துக் குடுத்தது இன்னைக்குத்தான். மூணு தடவை கழுவினோம். அதுக்கப்புறம் இவுகளே போய் பழைய போர்வைய எடுத்து வந்து வண்டிய மூடினாக. "வெயில்ல பெயிண்ட் இன்னும் போயிரும்"னாக. மழை பெஞ்சுக்கிட்டு இருந்துச்சு.

அக்டோபர் 14, திங்கள்

ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைக்க வர்ற பேச்சி சொன்னா. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பசுவந்தனை ரோட்டுல, கல்லுமண்டபம் தாண்டி, நம்ம கொம்பையா சைக்கிளோட ஓடையில விழுந்து கிடந்தாராம். அரைமணி நேரம் மழையிலயே கிடந்திருக்காரு. பால்காரர்தான் பாத்துத் தூக்கியிருக்காரு. திருநெல்வேலி ஆஸ்பத்திரியில நினைவில்லாமக் கிடக்காராம்.

"பூஜை நாளு, நல்லாக் குடிச்சிருப்பான். பூசணிக்காய்ல வழுக்கி விழுந்திருக்கான்"னு பேச்சி சொன்னா.

ஒரு ஜாக்கெட்டுக்குக் கைய மாத்தித் தைச்சிட்டேன். அதாவது வலது கைய இடது பக்கம். பிரிச்சுத் தைக்க ஒரு மணி நேரம் ஆச்சு. ஊர்ல எத்தனை வண்டி ஓடுது. அந்த ரோட்டுல மணல் லாரி கூடப் போகும்.

அக்டோபர் 15, செவ்வாய்

ஒன்பது ஜாக்கெட் முடிஞ்சது. இவுக சாப்பிடும்போது தலையத் தூக்காமலே கேட்டாக: "பெயிண்ட் அடிச்சிருவோமா?" அம்மை, வேப்பிலைன்னு ஒரு கேலியும் இல்ல. நான் சரின்னேன். ஏன் சரின்னேன்னு தெரியல. இல்ல, தெரியும்.

அக்டோபர் 16, புதன்

ஜெயபால் அண்ணன் ஷெட்டு. இவுக நல்லாப் பேசினாக. "நீங்க சொன்னதுதான் சரி அண்ணாச்சி, முழுசாவே அடிச்சிருங்க, தீபாவளிக்குப் பளபளன்னு நிக்கணும்." அவரு குத்தவச்சு உக்காந்து பம்பரத் தடவினாரு. அப்புறம் ஒடுக்கு. அப்புறம் ஹெட்லைட்டு. ஒரு குச்சிய எடுத்து இடுக்குக்குள்ள விட்டு இழுத்தாரு. காஞ்ச சதையும் நாலு விதையும் வந்துச்சு. மூணு தடவை கழுவியும்!

"எதுலம்மா இடிச்சீங்க?"

"ரோட்டுல உடைச்ச பூசணிக்காய் மேல ஏறிட்டேண்ணே."

அவரு அந்தச் சதைய உள்ளங்கையில வச்சு வெளிச்சத்துல பாத்தாரு. "உடைச்ச காயா? அதுல குங்குமம் இருக்கும்ல்லா. இது வெள்ளையா இருக்கு." அப்புறம் எந்திரிச்சு, கைய ஹெட்லைட் உயரத்துக்கு வச்சுக் காட்டினாரு. அவரு தொடைக்கு மேல இருந்துச்சு. "தரையில கிடந்த காய் இம்புட்டு உயரம் எப்படிம்மா ஏறும்?"

இவுக சிரிச்சாக. டயர்ல பட்டுத் தெறிச்சிருக்கும்னாக. ஜெயபால் அண்ணன் சிரிக்கல. என்னையத்தான் பாத்தாரு. "தீபாவளி வேலை நிறைய கிடக்கு. அடிக்கணுமா வேண்டாமான்னு வீட்டுல போய் நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. தேய்ச்சு இறக்கிட்டா அப்புறம் திருப்பி வைக்க முடியாது"ன்னாரு.

வண்டிய வீட்டுக்கே கொண்டு வந்துட்டோம். வர்ற வழியெல்லாம் இவுக அவரத் திட்டிக்கிட்டே வந்தாக.

அக்டோபர் 19, சனி

கொம்பையா இறந்துட்டாரு. விடிகாலையில.

அக்டோபர் 20, ஞாயிறு

அடக்கத்துக்கு இவுக மட்டும் போனாக. எனக்குத் தலைவலின்னு சொல்லச் சொன்னேன். தலைவலி இல்ல.

அக்டோபர் 22, செவ்வாய்

சீனியம்மா கடைக்கு வந்தா. நான் எந்திரிக்கவும் முடியாம உக்காரவும் முடியாம நின்னேன். புருஷன் போன மூணு நாள்லயே வெளிய வந்தா நாலு பேர் என்ன சொல்லுவாங்கன்னு அவளுக்கு ஒண்ணும் இல்ல போல, நேரா வந்து பெஞ்சுல உக்காந்தா.

"அந்தத் துணியத் தைக்க வேண்டாம்க்கா. இந்த வருசம் எங்களுக்குத் தீபாவளி கிடையாது."

"வெட்டிட்டேனே சீனியம்மா."

"வெட்டிட்டீங்களா? சரி, கிடக்கட்டும்." அப்புறம் முந்தானை முடிச்ச அவுத்து ஒண்ணை எடுத்து மிஷின் மேல வச்சா. ஆஸ்பத்திரியில அவரு ஈரச் சட்டையச் சுருட்டிப் பையில போட்டுக் குடுத்தாங்களாம். துவைக்கும்போது மடிப்புல ஒட்டிக் கிடந்துச்சாம். மூணு விரல் அகலம். மேல வெள்ளி.

திருப்பிப் பாக்க வேண்டியதே இல்ல. அவளே திருப்பிக் காட்டினா.

"ஸ்டேஷன்ல காட்டினேங்க்கா. ரோட்டுல கிடந்த குப்பை ஒட்டியிருக்கும்னுட்டாங்க. குடிச்சிட்டுத் தானா விழுந்தாருன்னு எழுதியிருக்காம். எவனோ ரோட்டுல நின்னவன் சொன்னானாம். அக்கா, அவரு காப்பி கூடக் குடிக்க மாட்டாரு. நெஞ்சு கரிக்கும்பாரு. எங்க அப்பன் குடிச்சே செத்தவன், அதனாலயே குடிக்காத மாப்பிள்ளைதான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னு இவரைக் கட்டினேன். அவரு போயிட்டாரு, அது என் தலையெழுத்து. ஆனா குடிகாரன்னு எழுதி மூடினா நான் எப்படிக்கா தூங்குவேன்?"

அவ அழல. நான்தான் அழுதேன். என்னையத் தேத்தினா! என் கையப் பிடிச்சுக்கிட்டு, "நீங்க ஏங்க்கா அழுறீங்க, உங்களுக்கும் அவருன்னா பிரியம்தான்"னு சொல்றா.

போகும்போது சொன்னா: "நாளையில இருந்து பெயிண்ட் அடிக்கிற ஷெட்டு ஒண்ணு விடாமப் போயி இதக் காட்டப் போறேன். ரெண்டு கலர் உள்ள வண்டி ஊர்ல எத்தனை இருக்கும்?"

அக்டோபர் 23, புதன்

இவுககிட்ட சொன்னேன். சில்லு, சீனியம்மா, குடி, எல்லாம். இவுக கதவைச் சாத்திட்டு வந்தாக.

"இதுக்குத்தான் சொன்னேன், அன்னைக்கே தேய்ச்சு இறக்கியிருக்கணும்."

"நான் ஸ்டேஷனுக்குப் போகப் போறேன்."

"போயி? பூசணிக்காய்னு நினைச்சேன்னு சொல்லுவியா?"

"பூசணிக்காய்னு சொன்னது நீங்க."

"ஓட்டினது நீ!"

இவுக தரையில உக்காந்து தலையில கைய வச்சுக்கிட்டு, சின்னப் பிள்ளை மாதிரி அழுதாக. "உன்னைய உள்ள வச்சிருவாங்க புஷ்பம். நான் ஒத்தையா இந்த வீட்டுல என்ன செய்வேன். செத்தவன் திரும்பி வரப் போறானா?" இவுக அழுது நான் பாத்ததே இல்ல. மாமியார் செத்தப்ப கூட அழல. பாவமா இருந்துச்சு. அதுக்காக, சரி பெயிண்ட் அடிப்போம்னு வாய் வரைக்கும் வந்துட்டு. அதையும் இங்க எழுதிடுறேன்.

அக்டோபர் 24, வியாழன்

நேரா எழுதுறேன். இடிச்சேன். எதுலயோ ஏறல, எதையோ இடிச்சேன். மழையில கண்ணாடி மங்கலா இருந்துச்சு, திடீர்னு இடது பக்கம் ஒரு சைக்கிள், பின்னாடி சாக்கு. டமார்னு சத்தம், வெள்ளையா என்னமோ கண்ணாடியில வந்து அடிச்சுச்சு. விக்காத காய். அதான் குங்குமம் இல்ல. நிப்பாட்டினேன். இவுக, "பூசணிக்காய்தான், போ போ, வண்டிய எடு"ன்னாக. எனக்கும் அது பூசணிக்காயா இருந்தா நல்லாருக்கும்னு இருந்துச்சு. எடுத்துட்டேன்.

பெயிண்ட் அடிக்கப் போறதில்ல. இதுதான் முடிவு. அந்தச் சில்லு பொருந்துற இடம் வண்டியில அப்படியே இருக்கு. அது இருக்கட்டும். நாளைக்குக் காலையில பத்து மணிக்கு ஸ்டேஷன். இவுககிட்ட சொல்லிட்டேன். சரின்னு தலையாட்டினாக.

அக்டோபர் 25, வெள்ளி

விடிஞ்சு கோலம் போட வெளிய போனா போர்வை மட்டும் கிடக்கு. வண்டிய எடுத்து ஓட்ட இவுகளுக்குத் தெரியாது. மில்லு டிரைவர கூட்டிட்டு வந்திருக்காக. எட்டு மணிக்கு ஜெயபால் அண்ணன் போன்ல: "டெய்லரம்மா, உங்க வீட்டுக்காரர் வண்டியோட வந்தாரு. நான் மாட்டேன்னுட்டேன். பைபாஸ் பக்கம் ஒரு ஷெட்டுக்குக் கொண்டு போறாரு. நேத்து அந்தம்மா இங்க வந்து சில்லக் காட்டிச்சு. எனக்குத் தெரியாதுன்னு சொல்லிட்டேன். பொய்தான் சொன்னேன். நீங்களாச் சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

ஆட்டோ பிடிச்சு ஓடினேன். நைட்டி மேல துண்டப் போட்டுக்கிட்டு, அப்படியே. ரெண்டு பேர் பானெட்டுல தண்ணி ஊத்தி உப்புத்தாளால தேய்ச்சுக்கிட்டு இருந்தாங்க. முடியப் போகுது. தரையில தண்ணி ஓடினது. முதல்ல ஓடின வெள்ளித் தண்ணி ஓரத்துல காஞ்சு கிடந்துச்சு, இப்ப மெரூனா ஓடிக்கிட்டு இருந்துச்சு. நிறுத்துங்கய்யான்னு கத்தினேன். ஒருத்தன் பயந்து தாளக் கீழ போட்டான்.

இவுக ஒரு ஓரத்துல ஸ்டூல்ல உக்காந்திருந்தாக. என் முகத்தைப் பாக்கல. "இனிமே பொருந்தாது புஷ்பம். யார் வந்து பாத்தாலும் பொருந்தாது. நீ தப்பிச்சிட்ட"ன்னாக.

இந்த மனுசன என்ன செய்ய? அடிக்கவும் கை வரல. எனக்காகத்தான் செஞ்சாக. அதுதான் வயித்தெரிச்சல்.

பானெட்டுல ஒண்ணுமே இல்ல. வெறும் தகடு. அதுக்கு மேல பாதுகாப்புக்கு ஒரு கை பிரைமர் அடிச்சுத்தான் குடுப்போம், இல்லன்னா மழையில துரு ஏறிரும்னான் ஷெட்டுக்காரன். சாயங்காலம் ஆச்சு. சாம்பல் நிற பானெட்டோட நானே வீட்டுக்கு ஓட்டிட்டு வந்தேன். பத்து கிலோமீட்டர் வேகத்துல. பின்னாடி ஹாரன் அடிச்சவன் எல்லாம் அடிச்சுக்கிட்டே இருந்தான்.

அக்டோபர் 26, சனி. ஸ்டேஷன் பெஞ்சு

இன்ஸ்பெக்டர் வர நேரமாகுமாம். உக்காருங்கன்னு சொல்லியிருக்காங்க. டைரிய எடுத்துட்டு வந்தேன், இதையும் குடுக்கணும்னா குடுத்திருவேன். அதுக்கு முன்ன முழுசா எழுதிடுறேன்.

காலையில வண்டிய சீனியம்மா வீட்டுக்கு ஓட்டிட்டுப் போனேன். சின்னத் தெரு. வாசல்ல ஓரமா நாலு பூசணிக்காய் வரிசையா இருந்துச்சு, விக்காத மிச்சம். சத்தம் கேட்டு வெளிய வந்தா. வண்டியப் பாத்தா. என்னையப் பாத்தா. முந்தானை முடிச்ச அவுத்துக்கிட்டே இறங்கி வந்து, சில்ல முதல்ல கதவுல வச்சுப் பாத்தா. வெள்ளி வெள்ளியோட சேந்துச்சு. அப்புறம் முன்னாடி வந்து பானெட்டுல வச்சா. சாம்பல் மேல அது தனியாக் கிடந்துச்சு. ஓரத்துல வச்சா, நடுவுல வச்சா, இன்னொரு ஓரத்துல வச்சா. எங்கயும் சேரல.

"தேமல் விழுந்த காருன்னு சொன்னாரு"ன்னா. "அன்னைக்கு மத்தியானம் சோறு திங்க வந்தப்ப. டெய்லரக்கா கார் வாங்கியிருக்கு, கோவத்தப் பாக்கணுமேன்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு. இதுல தேமலே இல்லையேக்கா."

"இருந்துச்சு. நேத்துத் தேய்ச்சிட்டாங்க. இனி பொருத்திக் காட்ட இடம் இல்ல சீனியம்மா. என் வாயாலதான் சொல்ல முடியும். நான்தான் இடிச்சேன்."

அவ அப்படியே நின்னா. அடிப்பான்னு நினைச்சேன். மண்ண வாரித் தூத்துவான்னு நினைச்சேன். அப்படிச் செஞ்சிருந்தா எனக்கு நல்லாருந்திருக்கும்.

"நீங்க பாக்கும்போது உசுரு இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"எப்படித் தெரியும்? இறங்கிப் பாத்தீங்களா?"

"இறங்கல."

"பின்ன?"

இதை நான் இவுககிட்ட கூட சொன்னதில்ல. முந்தாநாள் நேரா எழுதுறேன்னு சொல்லி எழுதினப்பவும் எழுதல. பாட்டு எம்புட்டு சத்தமா இருந்தாலும் நிப்பாட்டின அந்த ஒரு நிமிசத்துல எனக்குத் தெளிவாக் கேட்டுச்சு.

"கூப்பிட்டாரு."

"என்னன்னு?"

"அக்கான்னு. ரெண்டு தடவை."

சீனியம்மா வண்டி மேல கைய ஊனிக்கிட்டா. பிரைமர் அவ கையில சாம்பலா ஒட்டுச்சு.

"வண்டிய அடையாளம் தெரிஞ்சிருக்கு அவருக்கு. தெரிஞ்ச அக்காதான், தூக்கிருவாங்கன்னு நினைச்சிருப்பாரு."

ஊர்ல அத்தனை வண்டிக்கு நடுவுல என் வண்டி கண்ணுல பட்டதும் அந்த மனுசனுக்கு நிம்மதியா இருந்திருக்கும். வேற எவனோ ஒருத்தன்னா உசுரோட இருக்கேன், காப்பாத்துங்கன்னு கத்தியிருப்பாரு. என்னைய அக்கான்னு மட்டும் கூப்பிட்டுட்டுச் சும்மா இருந்துட்டாரு, நான் வருவேன்னு.

சில்ல மறுபடி முந்தானையில முடிஞ்சா. "வாங்க"ன்னா. கார்க் கதவைத் திறந்து விட்டேன். அவ அதைப் பாக்கக்கூட இல்ல, நடக்க ஆரம்பிச்சா. சாவிய வண்டியிலயே விட்டுட்டு நானும் பின்னால நடந்தேன். ஒண்ணரைக் கிலோமீட்டர் இருக்கும்.

ஸ்டேஷன்ல எழுதுற ஏட்டையா எதிர்ல ரெண்டு பேரும் நின்னோம். நான் எல்லாத்தையும் சொன்னேன். முதல்ல குடிச்சிருந்தாருன்னு எழுதினத அடிங்க சார்னு சொன்னேன். அதெல்லாம் ஐயா வந்துதான்மா, முதல்ல உங்க வண்டி விவரம் சொல்லுங்கன்னாரு. நம்பர் சொன்னேன். என்ன கலருன்னு கேட்டாரு.

நான் வாயத் திறக்கு முன்ன சீனியம்மா சில்ல எடுத்து மேசையில வச்சா. அவரு அதை எடுத்து மேல பாத்தாரு, திருப்பிக் கீழ பாத்தாரு.

"என்னம்மா, ரெண்டு கலரா இருக்கு. எதை எழுத?"

"ரெண்டையும் எழுதுங்க"ன்னேன்.